பல் முளைக்கும் குட்டிக்குக் கடிக்க எதைக் கொடுக்கலாம்?

மூன்றரை மாதம் கடந்த நாய்க்குட்டி நிற்கும் வீட்டில் செருப்புச் சோடி முழுதாய் இருக்காது. கதிரைக் கால், தும்புத்தடி, கொடியில் தொங்கும் சாரத்தின் ஓரம், பிள்ளையின் புத்தகப் பை என்று எல்லாவற்றிலும் பல் பதிந்திருக்கும். இது குழப்படி அல்ல. முரசைத் தள்ளிக்கொண்டு புதுப் பல் வருகிறது; எதையாவது கடித்தால் அந்த நோவு ஆறும். ஆகவே குட்டி கடிப்பதை நிறுத்த முடியாது. எதைக் கடிப்பது என்பதைத்தான் நீங்கள் தீர்மானிக்கலாம்.

வன்னியில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் வளவுகள் பெரியவை, குட்டிகள் பெரும்பாலும் அவிழ்த்துவிட்டே வளர்கின்றன. வளவில் கிடக்கும் எதுவும் குட்டிக்கு விளையாட்டுச் சாமான்தான். அதோடு, விழுங்கிய மாங்கொட்டை குடலில் சிக்கினால் அதை வெட்டி எடுக்கும் வசதி பக்கத்தில் இருக்காது. பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகங்களுக்கு மாடு, ஆடு, கோழி வேலையே நிறைய இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை கிளிநொச்சியிலிருந்து 250 கிலோமீற்றர் அளவு தூரம். அதனால் இந்த அத்தியாயத்தில் வளவைத் துப்பரவாக்குவது முதலில் வருகிறது. சாமான் தெரிவதும் கொடுக்கும் முறையும் அதற்குப் பிறகு.

1. முதலில் வாயைப் பாருங்கள்

குட்டியின் வயது சரியாகத் தெரியாவிட்டாலும் பல் சொல்லிவிடும்.

- 3 முதல் 8 கிழமை: பாற்பற்கள் முளைத்து நிரம்பும். மொத்தம் 28. ஊசி முனைபோல் கூர்மையாக இருக்கும்.
- மூன்றரை முதல் 4 மாதம்: முன்னால் உள்ள சிறிய வெட்டும் பற்கள் விழத் தொடங்கும்.
- 4 முதல் 6 மாதம்: வேட்டைப்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் மாறும். கடி உச்சத்தில் இருக்கும் காலம் இதுதான்.
- 6 முதல் 7 மாதம்: நிரந்தரப் பற்கள் 42 நிரம்பும். மேலே 20, கீழே 22.

கிழமைக்கு ஒரு தடவை இப்படிப் பாருங்கள்:

1. குட்டி ஓடிக் களைத்துப் படுத்திருக்கும் நேரத்தைத் தெரியுங்கள்.
2. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
3. தாடையைப் பிளக்க வேண்டாம். ஒரு விரலால் மேலுதட்டை மட்டும் தூக்குங்கள். முதலில் முன்பல், பிறகு வேட்டைப்பல், கடைசியில் கன்னத்தின் உட்பக்கம்.
4. பத்து விநாடி போதும். பார்த்து முடிந்ததும் ஒரு துண்டு அவித்த முட்டை கொடுங்கள். அடுத்த கிழமை தானாகவே வாயைக் காட்டும்.

முரசு சிவந்திருப்பது, கடித்த துணியில் இரத்தப் பொட்டுக் கிடப்பது, பல் விழுந்த இடம் வெறுமையாக இருப்பது எல்லாம் வழமை. விழுந்த பாற்பல்லைக் குட்டி விழுங்கினாலும் கெடுதி இல்லை.

மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டியவை:

- பாற்பல் விழாமல் நிற்க, அதன் அருகிலேயே புதுப் பல் வந்திருப்பது. வேட்டைப்பல்லில் இது அதிகம் நடக்கும். ஒரு பல்லின் இடத்தில் இரண்டு நிற்கக்கூடாது. விட்டால் புதுப் பல் கோணலாகும், இடுக்கில் சாப்பாடு தங்கி அழுகும்.
- பல் உடைந்து உள்ளே சிவப்பாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிவது.
- முரசில் சீழ், வாயில் தாங்க முடியாத நாற்றம், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது.

*குறிப்பு:* டிஸ்டெம்பர் நோய் குட்டிப் பருவத்தில் வந்தால், முரசுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்களின் மிளிரியையே அது கெடுத்துவிடும். தப்பிப் பிழைத்த குட்டிக்குப் பல் குழிகுழியாக, மண்ணிறமாக முளைக்கும். பல்லைக் காக்கும் வேலை தடுப்பூசியிலேயே தொடங்குகிறது.

2. வளவைத் துப்பரவாக்குங்கள்

நின்றபடி பார்த்தால் பாதி தெரியாது. குந்தியிருந்து, குட்டியின் கண் மட்டத்திலிருந்து பாருங்கள். இந்த ஒழுங்கில் போங்கள்:

1. குசினியும் குப்பைக் கிடங்கும். சோற்றுப் பார்சல் சுற்றி வந்த லஞ்ச் சீற்றில் கறி மணம் இருக்கும். குட்டி அதை அப்படியே விழுங்கும். கோழி எலும்பு, மீன் முள், அவித்த சோளன் பொத்தியின் தண்டு, மாங்கொட்டை எல்லாவற்றையும் மூடியுள்ள வாளியில் போடுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். சோளன் தண்டும் மாங்கொட்டையும் வயிற்றில் கரைவதில்லை. இரைப்பையைத் தாண்டிப்போய்க் குடலை அடைக்கும்.
2. வீட்டின் உட்பக்கம். போன் சார்ஜர் வயர், பற்றரி, நுளம்புச் சுருள், மாத்திரை அட்டை, தையல் ஊசி நூல். எல்லாவற்றையும் உங்கள் இடுப்பு உயரத்துக்கு மேலே தூக்குங்கள்.
3. மோட்டர் கொட்டிலும் வயல் சாமான் வைக்கும் இடமும். வெறும் களைநாசினிப் போத்தலை உருட்டி விளையாடுவதற்குக் குட்டிக்கு நிறைய ஆசை. கழுவிய போத்தலிலும் நஞ்சு மிச்சம் இருக்கும். பூச்சிநாசினிப் போத்தல், எலி மருந்து, உரப்பை மூன்றையும் பூட்டி வையுங்கள். உரப்பையின் பிளாஸ்ரிக் இழை குடலில் நூல்போல் இறுகும்.
4. வேலி. கதியாலில் நிற்கும் சீமைக்கிளுவைக் குழையை ஆடு தின்னும். அதை நம்பிக் குட்டிக்குத் தடி வெட்டிக் கொடுக்காதீர்கள். அதன் பட்டையும் விதையும் எலிக்கு நஞ்சாகப் பயன்பட்டவை. அலரி எந்த நிறமானாலும் குழை, தடி, விதை முழுவதும் நஞ்சு. ஆமணக்கு விதை, குன்றிமணி, ஊமத்தை, கள்ளிப்பால் ஆகியவையும் அப்படியே. மழை தொடங்கியதும் வேலியில் கார்த்திகைச் செடி படரும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. மண்ணைக் கிண்டும் குட்டியின் வாயில் அந்தக் கிழங்கு அகப்படலாம். குட்டி நிற்கும் பகுதியில் அது படரும் இடத்தை அடைத்துவிடுங்கள்.
5. தோட்டம். பச்சை மரவள்ளிக் கிழங்கும் அதன் தோலும் தடியும் ஆகாது. அவற்றில் சயனைட்டைத் தரும் பொருள் உண்டு.
6. விறகுக் குவியல். பாம்பு ஒதுங்கும் இடம். ஒளித்து வைத்த தடியைத் தேடிக் குட்டி மூக்கை நுழைப்பதும் அங்கேதான். குவியலை வீட்டிலிருந்து தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி அடுக்குங்கள்.
7. கரையோர வீடுகள். முல்லைத்தீவுக் கரையில் வலை பொத்தும் இடங்களில் தங்கூசித் துண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கும். மீன் மணத்துக்காகக் குட்டி விழுங்கும். கரையில் ஒதுங்கிய பேத்தை மீனைக் கவ்வினால் அதன் நஞ்சே உயிரை எடுக்கும். கரைக்குக் கூட்டிப்போனால் கயிற்றில் பிடித்தபடியே போங்கள்.

கட்டாயம் வாசியுங்கள்: மண்ணிலிருந்து கிளம்பும் உலோகம்

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. மண்ணுக்குள் கிடந்தவை அன்றோடு முடியவில்லை. 2017 டிசெம்பரில் இலங்கை, கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. கண்ணிவெடிகளை அகற்ற அதன்படி முதலில் கிடைத்த தவணை 2028 யூன். முகமாலை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக அகற்றும் வேலை நடந்திருக்கிறது. துப்பரவாக்கிய காணியிலும் மழைக்குப் பிறகு, உழவுக்குப் பிறகு, புதுக் கிணறு வெட்டும்போது ஏதாவது கிளம்பலாம்.

1. மண்டையோட்டுப் பலகையோ எச்சரிக்கை நாடாவோ உள்ள பக்கம் குட்டியை விடாதீர்கள். அது ஓடிவிட்டால் பின்னால் போகாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிக் கூப்பிடுங்கள்.
2. காணியில் பொறுக்கிய இரும்பு, பிளாஸ்ரிக் மூடி, வயர், ரப்பர்த் துண்டு எதையும் விளையாட்டுச் சாமானாக்காதீர்கள். என்னவென்று தெரியாத பொருள் எதுவும் வேண்டாம்.
3. குட்டி அப்படி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தால் துரத்தாதீர்கள், பறிக்காதீர்கள். பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்புங்கள். குட்டி அதைக் கீழே போட்டதும் தூரத்தில் நின்று குட்டியைக் கூப்பிட்டுக் கட்டுங்கள். பொருளைத் தொடாமல் பொலிசுக்கு 119 இல் அறிவியுங்கள்.

3. எந்தச் சாமானுக்கும் ஐந்து சோதனை

கடையில் வாங்கினாலும் வீட்டில் செய்தாலும் இந்த ஐந்திலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் தள்ளிவிடுங்கள்.

1. நகச் சோதனை. பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் அது பல்லுக்கு மிஞ்சிய கடினம்.
2. முழங்கால் சோதனை. அந்தச் சாமானால் உங்கள் முழங்கால் சில்லில் தட்டுவதாக நினைத்துப் பாருங்கள். நோகும் என்று தோன்றினால் குட்டியின் பல்லும் தாங்காது.
3. அளவுச் சோதனை. முழுதாக வாய்க்குள் அடங்கக்கூடாது. இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். குட்டி மாதாமாதம் பெருக்கும். போன மாதம் சரியாக இருந்த பந்து இந்த மாதம் தொண்டைக்குள் போகலாம்.
4. இழுவைச் சோதனை. பொம்மையின் கண், மூக்கு, பொத்தான், உள்ளே கீச்சிடும் குழல், நூல் எல்லாவற்றையும் பிடித்து இழுங்கள். உங்கள் விரலுக்கு வருவது குட்டியின் பல்லுக்கு நிச்சயம் வரும்.
5. சாயச் சோதனை. ஈரமான வெள்ளைத் துணியால் நன்றாகத் தேயுங்கள். நிறம் ஒட்டினாலோ, மண்ணெண்ணெய் போன்ற மணம் அடித்தாலோ வேண்டாம்.

4. கொடுக்கக்கூடியவை

*அ. முடிச்சுச் சாரம்*

செலவில்லாதது, முரசுக்கு இதமானது. பருத்திச் சாரமாக இருக்க வேண்டும்; நைலோன் கலந்தது வேண்டாம்.

1. பழைய சாரத்தைத் துவைத்துக் காயவிடுங்கள். தையல் ஓரத்தை வெட்டி எறியுங்கள்.
2. நான்கு விரல் அகலம், இரண்டு முழ நீளத்தில் மூன்று துண்டு வெட்டுங்கள்.
3. மூன்றையும் ஒரு முனையில் சேர்த்து இறுக்கி முடியுங்கள்.
4. தலை பின்னுவதுபோல் இறுக்கிப் பின்னி, மறு முனையையும் முடியுங்கள். நடுவிலும் ஒரு முடிச்சுப் போடலாம்.
5. தொங்கும் நூல்களைக் கத்தரியுங்கள்.
6. தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் அரை மணித்தியாலம் வையுங்கள். பிரிஜ் இல்லாவிட்டால் மண்பானைத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்தாலும் போதும். குளிர்ச்சி முரசு வீக்கத்தைத் தணிக்கும்.

கல்லாக உறைய வைக்க வேண்டாம். நூல் பிரியத் தொடங்கிய அன்றே எறியுங்கள். குட்டியின் வயிற்றுக்குள் போன நீள நூல் குடலைச் சுருக்கி அறுக்கும்.

*ஆ. நாய்க்கென்று செய்த ரப்பர்ச் சாமான்*

வாங்குவதானால் இதற்கே காசைச் செலவழியுங்கள். நடுவில் பொள்ளலாக, இரண்டு பக்கமும் ஓட்டை உள்ளதாகப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டை இருந்தால், உள்ளே காற்று இழுபட்டு நாக்கு சிக்கிக்கொள்ளும். குட்டிகளுக்கென்று மெதுவான ரப்பரில் வேறாக விற்கிறார்கள். பெரிய நாய்க்கு உரியது நகச் சோதனையில் தேறாது. கண்ணிவெடி தேடும் வேலையில் மோப்ப நாய்களும் வன்னியில் நின்றன. அப்படியான நாய்களைப் பழக்குபவர்கள் வேலை முடிந்ததும் கூலியாகக் கொடுப்பது பல வேளைகளில் ஒரு ரப்பர்ச் சாமானைத்தான்.

உள்ளே நிரப்ப:

- உப்பும் தூளும் போடாத சோறும், முள் எடுத்த அவித்த மீனும் பிசைந்தது.
- அவித்த பூசணி.
- வறுத்த கச்சானை உப்பில்லாமல் அரைத்தது, ஒரு தேக்கரண்டி. பூஞ்சணம் பிடித்த கச்சானைச் சேர்க்காதீர்கள். போத்தலில் வரும் கச்சான் வெண்ணெயில் சைலிற்றோல் என்ற இனிப்பு சேர்ந்திருந்தால் அது நாய்க்கு நஞ்சு, லேபலைப் பாருங்கள்.

*இ. தோட்டத்து மரக்கறி*

குளிரவைத்த முழுக் கரட், கெக்கரிக்காயின் நீளத் துண்டு. குட்டியின் வாயைவிட நீளமாக இருக்க வேண்டும். வட்டமாக வெட்டிய துண்டு தொண்டைக்கு அளவாகப் போய் அடைக்கும். ஒரு முனையை நீங்களே பிடித்திருங்கள். கைப்பிடி அளவுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். நாளுக்கு ஒன்று போதும், கூடினால் வயிறு போகும்.

*ஈ. துவாய்ச் சுருள்*

பழைய துவாயை விரித்து, நாளாந்தச் சாப்பாட்டில் ஒரு பிடியைத் தூவி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக் கொடுங்கள். மூக்காலும் காலாலும் விரித்துத் தின்னும். மழை பெய்து வெளியே விட முடியாத ஐப்பசி, கார்த்திகையில் அரை மணித்தியாலம் வீடு அமைதியாக இருக்கும். விரித்து முடிந்ததும் துவாயை எடுத்துவிடுங்கள்.

5. கொடுக்கக்கூடாதவை

எலும்பு. “எலும்பைப் போடு பிள்ளை, அப்பதான் பல்லு உறுதியாகும்” என்று அம்மம்மா சொல்லுவா. வீட்டில் மிஞ்சுவது சமைத்த எலும்பு. சமைத்தால் எலும்பு காய்ந்து, கடித்ததும் கூராகச் சிம்பாகும். தொண்டையிலோ குடலிலோ குத்தும். பச்சை மாட்டெலும்பு சிம்பாகாவிட்டாலும் பல்லை உடைக்கும். பெரும்பாலும் உடைவது மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல். இறைச்சியை வெட்டுவதற்கு நாய்க்கு இருக்கும் பெரிய பல் அதுதான்.

மான், மரைக் கொம்பு. மாட்டுக் கொம்பு, குளம்பு. நகம் இறங்காது. காட்டோரத்தில் கிடந்து எடுத்தாலும் மானும் மரையும் சட்டம் காக்கும் விலங்குகள். பல் உடைவதோடு சட்டச் சிக்கலும் சேரும்.

பனங்கொட்டையும் ஊமலும். பனம்பழக் காலத்தில் குட்டி தானே தேடிப் போகும். தும்பு பல்லிடுக்கில் இறுகி முரசைப் புண்ணாக்கும், உள்ளே உள்ள ஓடு பல்லை உடைக்கும். பொறுக்கிக் கடகத்தில் போட்டு மேலே வையுங்கள்.

சிரட்டையும் பொச்சும். சிரட்டை உடைந்தால் கத்தி. பொச்சுத் தும்பு வயிற்றில் பந்தாகத் திரளும்.

தடி, ஈர்க்கு. வேப்பங்குச்சி நமக்குப் பல் துலக்க நல்லது. குட்டி அதைத் துலக்காது, முறித்து விழுங்கும். மேல் அண்ணத்தில் குறுக்காகச் சிக்கிய குச்சியை நாட்கணக்காக ஒருவரும் கவனிக்காமல் விடுவதும் உண்டு.

ரெனிஸ் பந்து. ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகள் எறிந்துவிட்டுப் போவது. மேலே உள்ள சொரசொரப்பில் மண் சேர்ந்து அரத்தைப்போல் பல்லைத் தேய்க்கும். பிளந்தால் பாதிப் பந்து தொண்டையை மூடும்.

பழைய செருப்பு, ரயர், ரியூப். பழைய செருப்புக்கும் புதுச் செருப்புக்கும் குட்டிக்கு வித்தியாசம் தெரியாது. ரயருக்குள் கம்பி இருக்கும்.

தோல் எலும்பு. கடையில் எலும்பு வடிவில் விற்கும் பதனிட்ட மாட்டுத் தோல். ஊறியதும் வழுவழுப்பான பெரிய துண்டாகக் கழன்று தொண்டையில் இறங்கும். குட்டிக்கு வேண்டாம்.

ஐஸ் கட்டி. பாற்பல்லை உடைக்கக்கூடியது. குளிர்ந்த துணியே போதும்.

6. கொடுக்கும் முறை

1. மூன்று சாமான் வைத்திருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். எப்போதும் கிடக்கும் சாமானில் குட்டிக்கு ஆசை போய்விடும்.
2. ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து நிமிடம். சாப்பாட்டுக்குப் பிறகும், பொழுதுபடும் நேரத்திலும் கொடுப்பது நல்லது. பொழுதுபடும்போதுதான் கடி கூடும்.
3. பக்கத்தில் இருங்கள். கடிக்கும் சாமானோடு குட்டியைத் தனியே விட்டு வயலுக்குப் போகாதீர்கள்.
4. பிடுங்காதீர்கள், மாற்றுங்கள். “விடு” என்று ஒரே சொல்லைச் சொல்லி, மூக்கருகே முட்டைத் துண்டைக் காட்டுங்கள். வாயிலிருப்பதை விட்டதும் முட்டையைக் கொடுத்து, சாமானையும் திருப்பிக் கொடுங்கள். விட்டால் நட்டமில்லை என்று குட்டி அறிய வேண்டும். ஆபத்தான ஒன்றைக் கவ்விய நாளில் இந்தப் பழக்கந்தான் காப்பாற்றும்.
5. இழுபறி விளையாட்டில் மெல்ல, நேராக இழுங்கள். மேலே தூக்குவதும் வெடுக்கென இழுப்பதும் ஆடும் பல்லைப் பிடுங்கும், கழுத்தையும் நோகப்பண்ணும்.
6. கையைக் கடித்தால் அடிக்க வேண்டாம். கையை இழுக்காமல் அசையாது வைத்து, மற்றக் கையால் சாரத்தை நீட்டுங்கள். விடாவிட்டால் எழுந்து போய்விடுங்கள். விளையாட்டு நின்றுபோவதே தண்டனை.
7. பாவித்த சாமானைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். மாரியில் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

*குறிப்பு:* பிள்ளைகள் உள்ள வீட்டில் குட்டியின் சாமானுக்கென்று ஒரு கடகம் வைத்து, அதிலுள்ளவை மட்டுமே குட்டியுடையவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிள்ளையின் பொம்மையைக் குட்டிக்கும் குட்டியின் சாமானைப் பிள்ளைக்கும் மாற்றக்கூடாது.

7. வழமையாக நடக்கும் பிழைகள்

- சங்கிலியில் கட்டி வைப்பது. வேறொன்றும் இல்லாத குட்டி சங்கிலியையே சப்பும். வேட்டைப்பல்லின் பின்பக்கம் தேய்ந்து, பிறகு முறியும். கட்டத்தான் வேண்டுமென்றால் கழுத்துப் பட்டியில் தடித்த பருத்திக் கயிறு கட்டி, பக்கத்தில் கடிக்க ஒன்று போட்டு, பார்வையில் வைத்திருங்கள். கம்பி வலையால் சிறு அடைப்புச் செய்வதானால் வலையையும் கடிக்கிறதா என்று கவனியுங்கள்.
- பனடோல் கொடுப்பது. பல் நோவுக்கென்று மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பனடோலும் புரூபனும் நாய்க்கு நஞ்சாகக்கூடியவை.
- கராம்பு எண்ணெய் பூசுவது. முரசை எரிக்கும், விழுங்கினால் ஈரலைப் பாதிக்கும்.
- ஆடும் பல்லைப் பிடுங்குவது. வேர் முறிந்து உள்ளே நின்றால் சீழ் கட்டும். தானாக விழட்டும்.
- மனிதர் பற்பசை, உமிக்கரி, சாம்பல். பற்பசையைக் குட்டி துப்பாது, விழுங்கும். உமிக்கரியும் சாம்பலும் மிளிரியைத் தேய்க்கும்.
- கடிக்கும் சாமான் இருந்தால் பல் துலக்கத் தேவையில்லை என்று நினைப்பது. சாமான் ஊத்தையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இப்போதே விரலில் ஈரத் துணியைச் சுற்றி, பல்லின் வெளிப்பக்கத்தை மெல்லத் துடைத்துப் பழக்குங்கள். முரசு நோகும் நாட்களில் விட்டுவிடலாம். பல் மாறி முடிந்ததும் மென்மையான தூரிகைக்கு மாறலாம். பசை தேவையென்றால் நாய்க்கென்று விற்பதை மட்டும் பாவியுங்கள்.

8. அவசரம் என்றால்

மிருக வைத்தியரின் தொலைபேசி எண்ணைக் குட்டி வந்த அன்றே சுவரில் எழுதி வையுங்கள். அலுவலகம் பூட்டிய பிறகும் கிழமைக் கடைசியிலும் யாரிடம் கேட்கலாம் என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

எச்சில் வழிகிறது, தாடை தொங்குகிறது என்றால் வாய்க்குள் கையை விடாதீர்கள். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலத் தோன்றும் குட்டிக்கு விசர் நோயும் இருக்கலாம். கீழ்த்தாடை தொங்குவது, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுவது, குரல் மாறுவது, வெறித்துப் பார்ப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். தடுப்பூசி போடாத குட்டி, தெருவில் எடுத்த குட்டி, வேறு நாயிடம் கடி வாங்கிய குட்டி என்றால் இன்னும் கவனம். தொடாமல் ஓர் அறையில் அடைத்து வைத்தியருக்குச் சொல்லுங்கள். எச்சில் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். காயத்துக்குச் சவர்க்காரமும் போடுங்கள். அன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல் கீறிய சிறு காயமும் காயம்தான். பிள்ளைகள் பயத்தில் மறைப்பார்கள், கேட்டறியுங்கள்.

கண்முன்னே ஒன்றை விழுங்கி மூச்சுத் திணறினால்:

1. இருமுகிறது, மூச்சு ஓடுகிறது என்றால் இருமவிட்டு உடனே வைத்தியரிடம் புறப்படுங்கள்.
2. மூச்சு நின்று நாக்கு நீலமானால் வாயைத் திறந்து பாருங்கள். பொருள் தெரிந்தால் மட்டும், பக்கவாட்டில் விரலை விட்டுக் கொளுவி எடுங்கள். தெரியாவிட்டால் விரலை விட்டுக் குருட்டாட்டமாய்த் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போகும்.
3. தலை கீழே இருக்கும்படி குட்டியைப் பிடித்து, தோள்களுக்கு இடையில் உள்ளங்கையால் நான்கைந்து தடவை தட்டுங்கள்.
4. அசையாவிட்டால், விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே வயிற்றில் கையை வைத்து, உள்ளேயும் முன்னேயும் சட்டென்று அழுத்துங்கள். மறுபடி வாயைப் பாருங்கள்.
5. பொருள் வெளியே வந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தேரையைக் கவ்விவிட்டால்: முதல் மழையோடு முற்றத்தில் தேரை பெருகும். கவ்வியதும் வாய் நுரை தள்ளும். தலையைக் கீழ் நோக்கிப் பிடித்து, ஈரத் துணியால் நாக்கையும் முரசையும் திரும்பத் திரும்பத் துடைத்துக் கழுவுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கக்கூடாது. தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ தாமதிக்காதீர்கள்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால்: இழுக்காதீர்கள். உள்ளே குடலை அறுக்கும். தங்கூசிக்கும் இதுவே விதி.

எதையோ விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம்: திரும்பத் திரும்பச் சத்தி, சாப்பாடு மறுப்பது, முதுகை வளைத்து நிற்பது, மலம் போகாதது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் அன்றே போக வேண்டும். உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே குட்டியைக் கொல்லலாம். விழுங்கிய பொருளின் மிச்சத் துண்டோ மருந்துப் போத்தலின் லேபலோ இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

9. ஏழாம் மாதத்தில்

குட்டிக்கு ஏழு மாதம் ஆனதும் இவற்றைச் செய்யுங்கள்:

1. பல்லை எண்ணுங்கள். மேலே 20, கீழே 22. குறைந்தாலோ பாற்பல் மிஞ்சி நின்றாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.
2. குட்டிக் காலத்துச் சாமான்களை எல்லாம் எறியுங்கள். வளர்ந்த தாடைக்கு அவை இப்போது விழுங்கும் அளவு.
3. ஐந்து சோதனையையும் வைத்துப் பெரிய அளவில் புதுச் சாமான் தெரியுங்கள். பல் பெரிதாகியிருந்தாலும் நகச் சோதனை மாறாது.
4. துடைக்கும் துணியிலிருந்து தூரிகைக்கு மாறுங்கள்.
5. விசர் தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த திகதியைப் பாருங்கள். அந்த ஊசி ஒவ்வொரு வருடமும் போட வேண்டியது.